மருத்துவ நேர்காணலில் "வேறு எதில் ஆர்வம்?" என்று கேட்டால்: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னால், கூந்தன்குளம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் என்னிடம் விலங்கியல் படித்தான். ஜனவரி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தங்கரையில்தான் கிடப்பான். கூழைக்கடா எத்தனை கூடு, சங்குவளை நாரை எத்தனை கூடு, வரித்தலை வாத்து என்றைக்கு வந்தது என்று ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருப்பான். ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நான் அவனைக் கூப்பிட்டு, "அங்க போயி பறவை, குளம்னு பேசிக்கிட்டு இருக்காதல. டாக்டராகணும், அது ஒண்ணுதான்னு சொல்லு" என்றேன்.

சொன்னபடியே செய்தான். "மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வேற எதையும் நெனச்சதே இல்ல சார்" என்றிருக்கிறான். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?" "படிப்பேன்." அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. இடமும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்து என்னைக் குறை சொல்லவில்லை. "பறவையப் பத்திக் கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பேன் சார்" என்று மட்டும் சொன்னான். அந்தப் பேச்சை வாயிலிருந்து பிடுங்கியவன் நான்தான். அந்த வருத்தத்தில்தான் பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் மாதிரி நேர்காணல் நடத்த ஆரம்பித்தேன். இப்போது எழுதுவது அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டது.

மருத்துவம் தவிர வேறொன்றின் மேல் ஆசை இருப்பது ஒரு குற்றம் என்றும், அதை ஒளிக்க வேண்டும் என்றும் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது வேறு. மருத்துவர் வேலையில் என்ன இருக்கிறது, தான் விரும்பும் இன்னொரு வேலையில் என்ன இல்லை என்பதை இந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசித்திருக்கிறதா? அதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் பதில் வரும். ஒன்றை மறைத்துவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

முதலில், உங்களுக்கு நேர்காணல் உண்டா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை பெரும்பாலும் நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு என்று முடிந்துவிடும். கலந்தாய்வு என்ற பெயரைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களோ என்று பயப்படும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அங்கே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். நம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கோ யாரும் உங்கள் ஆர்வத்தை விசாரிக்கப் போவதில்லை.

கேட்கும் இடங்கள் வேறு. புனேயில் 1948இல் தொடங்கிய ராணுவ மருத்துவக் கல்லூரி, நீட் மதிப்பெண்ணை வைத்து அழைத்து, ஆங்கிலமும் தர்க்கமும் சோதிக்கும் ஒரு தேர்வு, உளவியல் தேர்வு, நேர்காணல், உடல் பரிசோதனை என்று நடத்துகிறது. இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரிகள் அநேகமாக எல்லாமே நேர்காணல் வைக்கின்றன. அமெரிக்கா, கனடாவிலும் அப்படியே. வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் நீட் தகுதியும் வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம். அப்புறம், பலரும் எண்ணிப் பார்க்காத ஓர் இடம் உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு கட்டணத்துக்கு உதவும் அறக்கட்டளைகளும் சமூகச் சங்கங்களும் நடத்தும் நேர்காணல் அது. அங்கேயும் இந்தக் கேள்வி தவறாமல் வரும், ஏனென்றால் அவர்கள் தங்கள் பணத்தைத் தருகிறார்கள்.

ஒரு நோட்டு, மூன்று பக்கம்

நேர்காணலுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டை எடுத்து மூன்று பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தில், யாரும் சொல்லாமல் நீங்களாகவே செய்வதை எழுதுங்கள். பறவை பார்ப்பது, நாதஸ்வரம், கபடி, பழைய ரேடியோவைக் கழற்றி மாட்டுவது, எதுவாகவும் இருக்கட்டும். கௌரவமாகத் தெரிகிறதே என்று செஸ், வயலின் என எழுத வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

இரண்டாம் பக்கம், மருத்துவத்துக்கு முன் மனதில் இருந்த படிப்பு அல்லது தொழில். உண்மையாகவே பக்கத்தில் போய்ப் பார்த்தவற்றை மட்டும் எழுதுங்கள். இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரிக்கு அருகே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ராக்கெட் என்ஜினியர் ஆசை இருந்திருக்கும். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கேட்டால் கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சொல்வார்கள். அதெல்லாம் நல்ல ஆசைகள்தான், தயங்காமல் எழுதலாம்.

மூன்றாம் பக்கம், மருத்துவரான பிறகும் கூடவே வைத்துக்கொள்ள நினைப்பது. இது சாத்தியமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1954இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ரோஜர் பேனிஸ்டர். அப்போது அவர் மருத்துவ மாணவர், பின்னாளில் நரம்பியல் மருத்துவர். நம் பக்கத்தில் சீர்காழி சிவசிதம்பரம் பாடகராகவும் மருத்துவராகவும் இருப்பவர். இந்தப் பெயர்களை உங்கள் தைரியத்துக்காகத்தான் சொன்னேன், நேர்காணலில் ஒப்பிக்க வேண்டாம். அவர்கள் கதை அவர்களுக்கு. உங்களிடம் உங்கள் கதையைத்தான் கேட்பார்கள்.

கேள்வி ஒன்றல்ல

"வேறு எதில் ஆர்வம்?" என்றால், நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து பேசுங்கள். "மருத்துவம் இல்லாவிட்டால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்?" என்றால் இரண்டாம் பக்கம். "இந்த ஆண்டு கிடைக்காவிட்டால்?" என்பது தோல்வியை எப்படித் தாங்குவீர்கள் என்ற கேள்வி. "ஏன் நர்ஸிங் இல்லை, ஏன் ஆராய்ச்சி இல்லை?" என்பது மருத்துவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. நான்குக்கும் ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேள்வியை முழுதாகக் கேட்டு, எந்தக் கேள்வி என்று பிரித்துக்கொள்ள இரண்டு நொடி எடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பதிலைக் கட்டுவது எப்படி

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

பத்தமடையிலிருந்து ஒரு பெண் திண்ணைக்கு வந்தாள். வீட்டில் பாட்டி கோரைப்பாய் நெய்கிறவர். இவளுக்கு ஜவுளி வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்று பதினோராம் வகுப்பு வரை ஆசை. முதல் நாள் அவள் சொன்ன பதில் இது: "பாய் நெய்யறதால எனக்குப் பொறுமை வந்திருக்கு, கை நிதானம் வந்திருக்கு. அது ஆபரேஷன் செய்ய உதவும் சார்."

ஓவியம் வரைகிறவர், வீணை வாசிக்கிறவர், கோலம் போடுகிறவர் எல்லோரும் சொல்கிற பதில் இது. கேட்கிறவர் அன்றைக்கே அதைப் பத்துத் தடவை கேட்டிருப்பார். அதோடு, தான் நேசிக்கும் ஒன்றை மருத்துவத்துக்கு வேலைக்காரி மாதிரி ஆக்கிவிடுகிறது அந்தப் பதில். பாயின் அழகு எங்கே போயிற்று?

அதனால் மருத்துவத்தை மறந்துவிட்டுப் பாயைப் பற்றி மட்டும் பேசச் சொன்னேன். கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கீறி நாராக்குவதைச் சொன்னாள். நார் மெல்லிசாக மெல்லிசாகப் பாய் பட்டுப்போல மடங்கும் என்றாள். சாயம் எந்த நாரில் ஒட்டும், எதில் ஒட்டாது என்றாள். பத்து நிமிடம் போனதே தெரியவில்லை. பிறகு கேட்டேன்: "சரி, இவ்வளவு பிடிச்சிருக்கே, எங்க வெச்சு மனசு மாறிச்சு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். பாட்டிக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த மருத்துவர், "தறியில எப்படி உக்காருவீங்க, உக்காந்து காட்டுங்க" என்றாராம். பாட்டி தரையில் உட்கார்ந்து காட்டினார். மருத்துவர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேள்வி கேட்டார். எந்தக் கேள்வியை எதற்காகக் கேட்கிறார் என்று இவளுக்குப் புரியவில்லை, ஆனால் ஏதோ ஒன்றை நோக்கிப் போகிறார் என்று தெரிந்தது. "பாயோட டிசைனை நான் மாத்தலாம் சார். தறியோட உயரத்தைக்கூட மாத்தலாம். ஆனா அந்த வலி எங்கேயிருந்து வருதுன்னு அவங்க கண்டுபிடிச்சுக்கிட்டே போனாங்கள்ல, அது எனக்கு வேணும்னு தோணிச்சு."

இதுதான் பதில். அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. பிடித்ததை உள்ளே போய்ச் சொல்கிறாள். அது தனக்கு எந்த இடத்தில் போதாமல் போனது என்று ஒரே ஒரு சம்பவத்தால் காட்டுகிறாள். மருத்துவத்தில் எதைத் தேடுகிறாள் என்று அதிலிருந்தே வந்துவிடுகிறது. "சேவை", "கனவு" என்ற சொற்கள் எங்குமே இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் பதிலிலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சம்பவம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் சாவு, விபத்து என்று இழுத்துக்கொண்டு வர வேண்டாம். இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். மனது மாறிய இடம் உண்மையாகவே தெரியவில்லையென்றால், ஒரு வாரம் யோசியுங்கள். அப்போதும் கிடைக்கவில்லையென்றால் ஒருவேளை அந்த இன்னொரு வழிதான் உங்களுக்கு உரியதோ என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. நேர்காணலுக்கு முன்பே அது தெரிவது நல்லதுதான்.

அதற்கடுத்த கேள்வி

பதில் நன்றாக இருந்தால் எதிர்க் கேள்வி கட்டாயம் வரும். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது: "முழங்கால் வலிதானே, பிசியோதெரபி படிக்கலாமே?" அவளுக்கு முகம் வாடிவிட்டது. தோற்றுப்போனோம் என்று நினைத்துவிட்டாள். எதிர்க் கேள்வி வந்தால் நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு தப்பு மட்டும் செய்யவே கூடாது: இன்னொரு தொழிலைத் தாழ்த்திப் பேசுவது. "நர்ஸ் டாக்டர் சொல்றத செய்யறவங்கதானே" என்று ஒரு பையன் என் திண்ணையில் சொன்னான். அவன் சித்தியே செவிலியர். ஒரு வார்டில் ஒரு ஷிப்ட் முழுக்க நோயாளி பக்கத்திலேயே இருந்து, மூச்சு மாறுவதையும் முகம் வெளிறுவதையும் முதலில் பார்க்கிறவர் செவிலியர். பிசியோதெரபிஸ்ட் வாரக்கணக்கில் ஒரே ஆளோடு உழைத்து நடக்க வைக்கிறார். பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், நம் பிள்ளைகளிடம் "சித்தா ஏன் இல்லை?" என்றுகூடக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதன் மதிப்பைச் சொல்லிவிட்டு, இன்ன நோய் என்று கண்டுபிடிப்பது, எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பது, முடிவு தப்பானால் அதற்குப் பொறுப்பேற்பது ஆகியவற்றில் உங்களை இழுப்பது எது என்று சொல்லுங்கள். இதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு செவிலியரிடமும் ஒரு மருத்துவரிடமும் அரை மணி நேரமாவது உட்கார்ந்து, அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

"டாக்டருக்குப் படிச்சிட்டு ஐ.ஏ.எஸ். எழுதணும்"

நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. நல்ல ஆசைதான், ஆனால் நேர்காணலில் அப்படியே சொன்னால் எதிரே இருப்பவர் மனதில் உடனே எழும் கேள்வி, "அப்படியானால் இந்த இடம் உனக்கு எதற்கு?" ராணுவ மருத்துவக் கல்லூரியில் இது இன்னும் சிக்கல். அங்கே படிப்பு முடிந்ததும் முப்படைகளின் மருத்துவப் பணியில் சேர ஒப்பந்தம் உண்டு. அந்தக் கடமையைப் புரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறார் என்றுதான் படும்.

நிர்வாகத்தில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மீட்பையும் நிவாரணத்தையும் மாவட்ட நிர்வாகம் பார்த்தது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது: குடிநீரில் குளோரின் சரியாக இருக்கிறதா, காய்ச்சல் எந்தத் தெருவில் கூடுகிறது, எலிக்காய்ச்சல் வருமா என்று பார்ப்பது. அது பொது சுகாதார மருத்துவரின் வேலை. நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் வந்தது, தனி இயக்குநரகமும் இருக்கிறது. அதில் மாவட்ட அளவில் பொறுப்பேற்பவர்கள் மருத்துவர்கள்தான். உங்கள் ஆசை இந்த இரண்டாவது வேலையின் பக்கம் சாய்கிறதென்றால், மருத்துவத்துக்குள்ளேயே அது இருக்கிறது. அதைத் தெரிந்து சொல்லுங்கள். கலெக்டர் நாற்காலிதான் வேண்டுமென்றால் அதற்கு எந்தப் பட்டப்படிப்பும் போதும், ஐந்தரை ஆண்டு இதில் செலவழிக்க வேண்டியதில்லை.

"கிடைக்காவிட்டால்?"

"மருத்துவம் இல்லாட்டி எனக்கு வாழ்க்கையே இல்லை" என்பது உறுதியைக் காட்டும் என்று நினைக்கிறார்கள். எதிரே இருப்பவர் மருத்துவராக இருந்தால் அதைக் கேட்டுப் பயப்படுவார். நோயாளியை இழக்கிற நாள் ஒவ்வொரு மருத்துவருக்கும் வரும், தேர்வில் தோற்கிற நாளும் வரும். அன்றைக்கு இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்றுதான் அவர் யோசிப்பார்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "வேறெதையும் நினைக்காதே" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்காதீர்கள். இன்னொரு வழி கண்ணுக்குத் தெரிகிற பிள்ளைதான் தைரியமாகத் தேர்வு எழுதும், தைரியமாகத் தோற்கவும் செய்யும். கூந்தன்குளத்துப் பையன் அடுத்த ஆண்டு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் சேர்ந்தான். இடையில் இருந்த அந்த ஓர் ஆண்டு முழுவதும் அவனைத் தாங்கியது அந்தக் குளம்தான் என்று அவன் அம்மா என்னிடம் சொன்னார்.

பதில் நேராக இருக்கட்டும். இன்னொரு முறை முயல்வேன் என்றால், இந்த முறை எங்கே குறைந்தது, அதை எப்படிச் சரிசெய்வேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை முறை என்றும் யோசித்து வைத்திருங்கள். அதற்கு மேல் என்றால் இன்ன படிப்பு, காரணம் இது. அவ்வளவு போதும்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இது தாளிலேயே வருகிறது. யூகாஸ் (UCAS) என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் மருத்துவத்துக்கு நான்குதான். ஐந்தாவதை வேறு படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், காலியாகவும் விடலாம். கடைசி நாள் அக்டோபர் 15. ஐந்துக்கும் போவது, உங்களைப் பற்றி நீங்களே எழுதும் ஒரே தன்விளக்கம்தான். ஆகவே ஐந்தாவதாக உயிர்மருத்துவ அறிவியல் போட்டிருந்தாலும் தன்விளக்கம் மருத்துவத்தைப் பற்றியே இருக்கட்டும், இரண்டுக்கும் பாதிப் பாதி எழுத வேண்டாம். மாற்றுப் படிப்பைப் பற்றி நேரில் கேட்டால், அந்தப் பாடத்தில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஓர் உதாரணத்தோடு சொல்ல முடிய வேண்டும்.

பழகுவது

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சிலேயே, வீட்டில் ஆச்சியிடம் சொல்வது போல. ஆச்சிக்குப் புரிந்தால் பதிலில் உயிர் இருக்கிறது. அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று துண்டுக்கும் மூன்று சொல் குறித்துக்கொண்டால் போதும்: தறி, முழங்கால், கேள்வி. ஒவ்வொரு தடவையும் வாக்கியம் வேறாக வரும், வரட்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியுங்கள்.

கேட்பதற்கு உறவுக்காரர் அல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சிகூட நன்றாகக் கேட்பார். அவரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஒவ்வொரு பதிலுக்கும் "அப்ப அதுக்கே போயிரலாமே?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாவது தடவை கேட்கும்போது பதற்றம் போயிருக்கும்.

பல வெளிநாட்டுக் கல்லூரிகளில் ஒரே குழுவின் முன் உட்காராமல், அறை அறையாக மாறி மாறிப் போக வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. ஒவ்வொரு அறையிலும் சில நிமிடம்தான், அடுத்த அறையில் இருப்பவருக்கு முந்தைய அறையில் என்ன நடந்தது என்று தெரியாது. ஓர் அறையில் தடுமாறினால் அதை வாசலிலேயே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். பாய் கதையை ஒரே அறையில்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. குழுவாக வேலை செய்ததைக் கேட்கும் அறையிலும் அது பொருந்தலாம்.

அந்த நாள்

வீட்டிலிருந்தே கணினி வழியாக என்றால், குளிர்காலத்தில் இங்கிலாந்தில் காலை 10 மணி என்பது நமக்கு மாலை 3.30. கரண்ட் போனால் போனிலிருந்து இணையம் எடுக்க ஏற்பாடு இருக்கட்டும். கோயில் ஒலிபெருக்கி, கல்யாண வீடு எதுவும் தெருவில் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

ஒருவேளை ஆர்வத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். அப்போது வலிந்து நுழைக்க வேண்டாம். முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள், அங்கே ஓர் இடம் இருக்கிறது. "கல்லூரியில் பறவை பார்க்கும் மாணவர்கள் குழு இருக்கிறதா?" என்று கேட்கலாம். பதிலை முழுதாகக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்து வாருங்கள்.